எம்ஆர்சி-5 போதுமா, மூச்சுக்குழாய் ஃபைப்ரோபிளாஸ்ட்டே வேண்டுமா?

பெங்களூரில் ஆஸ்துமா ஆராய்ச்சி லேபில் சேர்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் சீக்கிரமே கேட்டுவிடுவார்கள்: "அண்ணா, நைட்ரஜன் டேங்க்ல எம்ஆர்சி-5 சும்மாதானே கிடக்கு, அதுலயே பண்ணிடலாமா?"

எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எம்ஆர்சி-5 ஒரு ஃபைப்ரோபிளாஸ்ட் செல் வரிசை, அதாவது கொலாஜன் நாரைச் சுரந்து திசுவைத் தாங்குகிற செல்கள்; 1966-ல் 14 வாரக் கருவின் நுரையீரலிலிருந்து எடுக்கப்பட்டது. தடுப்பூசி தயாரிப்பில் இன்றும் பயன்படுகிறது, மலிவு, வளர்க்கச் சுலபம். சாகாவரம் பெற்றது என்று மட்டும் நினைக்காதீர்கள், 42 முதல் 46 முறை இரட்டிப்பானதோடு பெருக்கம் நின்றுவிடும், அதனால் பக்கத்து லேபில் வாங்கிய, பாசேஜ் எண் (எத்தனை முறை புதுத் தட்டுக்கு மாற்றி வளர்த்தார்கள் என்ற கணக்கு) எழுதாத குப்பியை நான் தொடவே மாட்டேன்.

ஆனால் ஆஸ்துமா நடக்கிற இடம் வேறு. மூச்சுக்குழாயின் உள்படலத்துக்கு அடியில், எபிதீலியத்தை (மேல் செல் அடுக்கை) ஒட்டியிருக்கிற ஃபைப்ரோபிளாஸ்ட்கள்தான் அங்கே கொலாஜனைக் குவித்துச் சுவரைத் தடிக்க வைக்கின்றன. காற்றுப்பைப் பக்கத்துச் செல்களும் இவையும் ஒரே நுரையீரலிலிருந்து வந்தாலும் ஒன்றில்லை. கொலாஜன் உற்பத்தி, ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுவை இழுக்கிற இயோடாக்ஸின் புரதச் சுரப்பு இரண்டிலும் வித்தியாசம் தெரியும். கருவிலிருந்து வந்த செல்லிடம் பெரியவர்களின் ஆஸ்துமாவைக் கேட்டால் என்ன பதில் வரும்?

சரி, நோயாளியின் செல்லை எடுத்தால் நிம்மதியா? இல்லை. எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் வேண்டும், பிராங்கோஸ்கோபியில் (மூச்சுக்குழாய்க்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பதில்) கிடைக்கிற கடுகளவு திசுவைத் தட்டில் ஒட்டவைத்து, ஓரத்திலிருந்து செல்கள் ஊர்ந்து வெளியே வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒருவர் புகைப்பவர், இன்னொருவர் ஸ்டீராய்டு எடுப்பவர், ஆளுக்கொரு முடிவு வரும். காசு கொடுத்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், பார்சல் கஸ்டம்ஸில் நிற்க நிற்க ட்ரை ஐஸ் கரைகிற பயம் வேறு.

இரண்டுக்கும் பொதுவான வில்லன் பிளாஸ்டிக் தட்டு. ஆரோக்கியமான நுரையீரலின் விறைப்பு சில கிலோபாஸ்கல்தான், பிளாஸ்டிக்கோ கிகாபாஸ்கல் கணக்கு, அதனால் தழும்பைத் தூண்டுகிற டிஜிஎஃப்-பீட்டா புரதத்தை ஊற்றாமலே, சுருங்குகிற செல்லின் அடையாளமான ஆல்ஃபா-எஸ்எம்ஏ புரதம் ஏறி, ஒப்பிட வைத்த கன்ட்ரோல் செல்லே மயோஃபைப்ரோபிளாஸ்ட் (சுருங்குகிற, தழும்பு உண்டாக்குகிற ஃபைப்ரோபிளாஸ்ட்) மாதிரி நடந்துகொள்ளும். மென்மையான ஜெல்லில் வளர்ப்பது வீண் செலவில்லை.

என் கணக்கு இது: ஆன்டிபாடி சோதனை, டோஸ் பார்ப்பது, கை பழகுவது, இதற்கெல்லாம் எம்ஆர்சி-5. பேப்பர் தலைப்பில் ஆஸ்துமா என்று எழுதப்போகிறீர்கள் என்றால், பல நோயாளிகளிடமிருந்தும் ஆரோக்கியமானவர்களிடமிருந்தும் எடுத்த மூச்சுக்குழாய்ச் செல்கள். ஐபிஎஃப் (காரணம் தெரியாமல் நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய்) என்றால் இரண்டுமே சரிவராது, அந்த நோயாளிகளின் காற்றுப்பைப் பக்கத்துச் செல்களுக்குப் போங்கள். எதை எடுத்தாலும் ஆரம்பப் பாசேஜிலேயே நிறைய குப்பிகளை உறையவைத்துவிடுங்கள், அப்புறம் மீதிச் சண்டையைக் கைடோடு போடலாம்.