கண்டென்சரா, டைனமிக்கா: குமரி வீட்டுக்கு எந்த மைக்?

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய நினைக்கும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் பலரும் முதலில் வாங்குவது கண்டென்சர் மைக். யூடியூபில் பாடுகிறவர்கள் முன்னால் அதுதான் நிற்கிறது, அதனால் ஆசை வருகிறது. நம் வீடுகளுக்கு முதல் மைக்காக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், டைனமிக் மைக்கைத்தான் சொல்வேன்.

கண்டென்சர் நல்ல பொருள்தான். வீணையின் மீட்டு, குரலில் வரும் மூச்சு எல்லாம் அதில் துல்லியமாக விழும். ஆனால் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்து ஓட்டு வீட்டில் மழைச் சத்தமும் அதே துல்லியத்தோடு விழும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்கு உண்டு. மழை விட்டால் ரப்பர் தோட்டத்துச் சீவீடு, அதாவது சில்வண்டின் சத்தம். போதாததற்கு டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் குரலைத் திருப்பி அடிக்கும்.

டைனமிக் மைக்கை வாய்க்கு இரண்டு மூன்று விரல் தூரத்தில் வைத்துப் பாடலாம். அதனால் குரல் முன்னால் நிற்கும், மழை பின்னுக்குப் போகும். கண்டென்சரையும் அவ்வளவு பக்கத்தில் வைக்கலாமே என்றால், 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதிக் கெடுக்கும்.

அப்புறம் ஈரம். கண்டென்சருக்குள் மெல்லிய சவ்வு ஒன்று மின்னேற்றத்தோடு வேலை செய்கிறது. அதில் ஈரம் படிந்தால் படபடவென்று சத்தம் வரும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைக்காமல் அதை வைத்திருப்பது சரியில்லை. டைனமிக்குக்குள் இருப்பது காந்தமும் கம்பிச் சுருளும்தான். 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் கோயில் மேடையிலும் சர்ச்சிலும் உழைப்பது அந்த எளிமையால்தான். ஊரில் மைக் செட் போடுகிறவரிடம் ஒரு நாள் கேட்டு வாங்கிப் பாடிப் பார்த்துவிட்டே முடிவு செய்யலாம்.

டைனமிக்கின் குறை, சிக்னல் மெலிவாக வரும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்பேஸில் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் திறன், போதாவிட்டால் இரைச்சல் ஏறும். அதனால் மைக்கில் மிச்சமாகும் பணத்தை நல்ல இன்டர்பேஸில் போடுங்கள்.

இன்டர்பேஸ் இல்லாமல் நேரே கணினியில் செருகும் யூஎஸ்பி மைக் தனியாகப் பேசுகிறவருக்குப் போதும். வில்லுப்பாட்டு பதிய வேண்டுமானால் பாடும் புலவருக்கு ஒரு மைக், குடத்துக்கும் உடுக்கைக்கும் இன்னொன்று வேண்டும். ஒரே கணினியில் இரண்டு யூஎஸ்பி மைக்கை ஓட்டுவது பெரும்பாடு. இரண்டு இன்புட் உள்ள இன்டர்பேஸ் வாங்குவதே புத்தி.

சுவரில் மெல்லிய ஃபோம் ஒட்டுவது வீண்செலவு என்பேன். உச்ச ஒலியை மட்டும் அது உறிஞ்சும், அறையின் கும்மல் அப்படியே இருக்கும், மழைச் சத்தத்தை அது தடுக்கவே செய்யாது. பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் மெத்தையைச் சாத்தி வைத்தால் அதைவிடப் பலன் தெரியும். ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன் காதை முழுதாக மூடும் ஹெட்போன் வாங்குங்கள். கனமான ஸ்டாண்டும் மைக்கை இன்டர்பேஸோடு இணைக்கும் தரமான எக்ஸ்எல்ஆர் கேபிளும் மைக் மாறினாலும் கூடவே வரும்.

சர்ச் பாடகர் குழுவைப் பதிகிறவர்களுக்கு மட்டும் நான் சொன்னது பொருந்தாது. இருபது பேர் குரலைத் தள்ளி நின்று எடுக்க டைனமிக் உதவாது. அங்கே ஒரு ஜோடி கண்டென்சரும், அவற்றுக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் பேண்டம் பவர் உள்ள இன்டர்பேஸும்தான் வேண்டும்.