இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விட: கடைத்தெரு ஏஜென்டா, ஆன்லைன் ஏஜென்டா?

கட்டணத்தை மட்டும் பார்த்தால், ஊரில் கடை வைத்திருக்கும் கடைத்தெரு ஏஜென்டைவிட ஆன்லைன் ஏஜென்ட்தான் மலிவு. மாத வாடகை 1,200 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். முழுப் பராமரிப்புக்கு, அதாவது ஆள் பிடிப்பதோடு நிற்காமல் குடியிருக்கும் காலம் முழுதும் வீட்டைப் பார்த்துக்கொள்வதற்கு, கடைத்தெரு ஏஜென்ட் 12 சதவீதம் கேட்டால், அதற்கு 20 சதவீத வாட் வரியும் சேர்ந்து மாதம் 172 பவுண்டு 80 பென்ஸ் ஆகும். வருடத்துக்கு 2,073 பவுண்டுக்கு மேல். ஆன்லைனில் பெரும்பாலும் ஆள் தேடித் தருவதற்கு ஒருமுறை கட்டணம், அவ்வளவுதான். ஆனால் இவை ஒரே வேலைக்கான இரண்டு விலைகள் இல்லை. கடைத்தெருவிலும் 'ஆள் பிடித்துத் தருவது மட்டும்' என்று குறைந்த கட்டணத்தில் ஒரு சேவை உண்டு. ஒப்பிடுவதானால் அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

விளம்பரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டு விளம்பரங்களுக்கான ரைட்மூவ் தளத்தில் உரிமையாளர் தானாக விளம்பரம் போட முடியாது, ஏஜென்ட் வழியாகத்தான் போட வேண்டும். ஆன்லைன் ஏஜென்டும் ஏஜென்ட்தான். எந்தெந்தத் தளங்களில் போடுவார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வித்தியாசம் தொடங்குவது வீட்டைக் காட்டும்போது. ஆன்லைனில் சாவியோடு போய் நிற்பது அநேகமாக நீங்கள்தான். ஐந்து மாலைகள் வீணாகலாம். ஆனாலும் என்னைக் கேட்டால் அது நல்லதுதான். குடிவரப் போகிறவரிடம் கால் மணி நேரம் நேரில் பேசினால் தெரிய வருவது எந்தச் சரிபார்ப்பு அறிக்கையிலும் இருக்காது. வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருப்பவருக்கு இது சரிப்படாது, அவருக்குக் கடைத்தெரு ஏஜென்ட்தான் தோது.

அடுத்தது சட்டப் பொறுப்பு. இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். முன்பணத்தை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் பாதுகாக்க வேண்டும். தவறினால் அந்தத் தொகையைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை நீதிமன்றம் கட்டச் சொல்லலாம். வருடா வருடம் எரிவாயுச் சோதனை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது மின்சாரச் சோதனை, குடிவருபவருக்கு இங்கிலாந்தில் வாடகைக்கு இருக்க உரிமை உண்டா என்ற சரிபார்ப்பு, எல்லாம் உண்டு. முழுப் பராமரிப்பு எடுத்தால் ஏஜென்ட் நினைவு வைத்துச் செய்வார். ஆன்லைனில் ஒவ்வொன்றையும் தனிக் கட்டணத்துக்கு வாங்கலாம், ஆனால் வாங்க மறந்தால் அது உங்கள் தலையில்தான் விடியும். யாரை வைத்துக்கொண்டாலும் சான்றிதழ்களின் நகலையும் முன்பணம் கட்டிய ரசீதையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைன்காரர் பணத்தோடு ஓடிவிடுவாரோ என்ற பயத்துக்குப் பதில் இருக்கிறது. வாடிக்கையாளர் பணத்தைக் கையாளும் வாடகை ஏஜென்ட் எவரும் 2019 ஏப்ரல் 1 முதல் பணப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டும். கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் விதி ஒன்றுதான். சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

கடைத்தெரு ஏஜென்டின் ஒப்பந்தத்தில் புதுப்பித்தல் கமிஷன், அதாவது வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது ஏஜென்ட் மறுபடி வாங்கும் கமிஷன், பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். ஃபாக்ஸ்டன்ஸ் என்ற லண்டன் ஏஜென்ட் நிறுவனம் இப்படிப்பட்ட கமிஷனைச் சிறிய எழுத்தில் வைத்திருந்தது நியாயமற்றது என்று 2009-இல் உயர் நீதிமன்றமே சொன்னது. புதிய சட்டப்படி 2026 மே 1 முதல் குறித்த கால வாடகை ஒப்பந்தமே போய்விடுகிறது, எனவே புதுப்பித்தல் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் 'அவர் குடியிருக்கும் வரை கமிஷன்' என்று எழுதியிருந்தால் கதை வேறு.

அதே நாளிலிருந்து காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்ல உரிமையாளருக்கு வழிவிட்ட, வீட்டுவசதிச் சட்டத்தின் 21-ஆம் பிரிவும் இல்லை. ஆளைத் தேர்ந்தெடுப்பதில் தவறினால் திருத்துவது இனி கடினம். அதனால் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர், நேரமும் உள்ளவர் என்றால் ஆன்லைனில் ஆளைத் தேடி, தானே பார்த்துப் பேசி முடிவெடுப்பதைத்தான் நான் சொல்வேன். குளிர்கால இரவில் பாய்லர் நின்றுபோனால் போனை எடுக்க முடியாதவர், அந்த 172 பவுண்டைக் கொடுத்துவிடுவது மேல்.