1945: இரண்டு சரணாகதிகள்
1942 ஏப்ரலில், ஜப்பானியர் படையெடுப்பார்கள் என்ற அச்சத்தில் மக்கள் சென்னையை விட்டு வெளியேறிய கதையைத் தாத்தா சொல்லக் கேட்டு ராயபுரத்தில் வளர்ந்த எனக்கு, இரண்டாம் உலகப் போரை முடித்த இரண்டு சரணாகதிகளில் ஜப்பானின் சரணாகதியே நெஞ்சுக்கு நெருக்கமானது. ஜெர்மனி மே 7 அன்று பிரான்சின் ரேம்ஸ் நகரில் கையெழுத்திட்டும், ஸ்டாலின் அதில் நிறைவடையாததால் பெர்லினில் மீண்டும் ஒருமுறை கையெழுத்திட நேர்ந்தது. அப்போது மாஸ்கோவில் நள்ளிரவு கடந்திருந்ததால், ரஷ்யா இன்றும் மே 9-ஐயே வெற்றி நாளாகக் கொண்டாடுகிறது.

மாறாக, செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில், அமெரிக்காவின் மிசௌரி போர்க்கப்பலின் மேல்தளத்தில், ஒன்பது நேச நாடுகளின் பிரதிநிதிகள் ஒரே மேசையில் கையெழுத்திட்டார்கள். செயற்கைக் காலுடன் ஊன்றுகோலைப் பிடித்து நடந்துவந்த ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் ஷிகெமிட்சு முதலில் ஒப்பமிட்டார். ஜப்பானியச் சிறையில் மெலிந்துபோயிருந்த அமெரிக்கத் தளபதி வெயின்ரைட்டும் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலும், நேச நாடுகளின் தலைமைத் தளபதி மெக்ஆர்தருக்குப் பின்னால் நின்றார்கள். சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சரணடைய நேர்ந்த பெர்சிவலையே சாட்சியாக நிறுத்திய அந்த ஏற்பாட்டை, இரண்டில் மேலானதாக நான் மதிக்கிறேன்.