நெல்லை எங்கே போடுவது: டிபிசியா, வியாபாரியா?

அறுப்புக்கு மெஷின் பேசும்போதே இந்தக் கேள்வி வந்துவிடும். டெல்டாவில் சம்பாவுக்கு மோட்டா ரகம் (தடித்த நெல்) போட்டவர்கள், களமும் ஆள்கட்டும் இருந்தால், அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையமான டிபிசிக்கே கொண்டுபோக வேண்டும் என்பது என் கட்சி. நாங்களும் அங்கேதான் போடுகிறோம்.

விலை ஊரறிந்தது. 2025-26 பருவத்துக்கு பொது ரகம், அதாவது மோட்டா, குவிண்டாலுக்கு மத்திய அரசின் ஆதார விலை 2,369, மாநில ஊக்கத்தொகை 131, ஆக 2,500 ரூபாய். சன்ன ரகத்துக்கு 2,545. பணம் வங்கிக் கணக்கில் ஏறும். வியாபாரியிடம் சிட்டா, அடங்கல் என்று நிலக் காகிதத்துக்கு அலைய வேண்டாம். வயலுக்கே லாரி வரும், ஈர நெல்லையும் எடுத்துக்கொள்வார். சொந்தப் பெயரில் காகிதம் இல்லாத குத்தகைக்காரருக்கு அது பெரிய சௌகரியம், மறுக்கவில்லை.

ஒப்பிடும்போது மூட்டைக் கணக்கில் ஏமாந்துவிடக் கூடாது. டிபிசி மூட்டை 40 கிலோ, வியாபாரி எங்கள் பக்கம் 60 கிலோவுக்கு விலை சொல்வார். டிபிசியின் 2,500 என்பது 60 கிலோவுக்கு 1,500.

ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஈரப்பதம்தான். 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் டிபிசியில் எடுக்க மாட்டார்கள். பனியில் மெஷின் அறுத்த நெல் 20, 22 என்று நிற்கும். ‘காயவைத்தால் எடை போய்விடும், ஈரத்தோடு தள்ளிவிடுவதே லாபம்’ என்று பலரும் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோவை 17-க்குக் கொண்டுவந்தால் 94 கிலோ மிஞ்சும். அதற்கு டிபிசியில் 2,350 ரூபாய். வியாபாரி அதே ஈர நெல்லை 60 கிலோ 1,250-க்குக் கேட்டால், 100 கிலோவுக்கு 2,083தான். வித்தியாசம் 267 ரூபாய். சில டிபிசிகளில் மூட்டைக்கு இவ்வளவு என்று லஞ்சத்துக்குக் கை நீட்டுகிறார்கள். அது கொடுமை, விவசாயி தட்டிக் கேட்க வேண்டியது. மூட்டைக்கு 40 ரூபாய் கேட்டால் 94 ரூபாய் அதிலேயே போகும். மீதி 173. ஏக்கருக்கு 24 குவிண்டால் கண்டால் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். இதில் டிராக்டர் வாடகை போக, காயவைப்பதை வீட்டு ஆட்களே பார்த்தால்தான் கையில் நிற்கும். முழுக்கக் கூலி வைத்தால் பாதிக்கு மேல் கரைந்துவிடும்.

காயவைப்பதிலும் பக்குவம் இருக்கிறது. மெல்லிசாகப் பரப்பி, காலாலேயே சால் விட்டபடி அடிக்கடி கிளற வேண்டும். குவித்த நெல் மேலே காய்ந்திருக்கும், உள்ளே கைவிட்டால் கதகதவென்று இருக்கும். அதனால் நடுவிலிருந்து நாலு பிடி அள்ளிக் கொண்டுபோய் ஈரப்பத மீட்டரில் வைத்துப் பார்த்த பிறகே டிராக்டரில் ஏற்றுவோம். ஏற்றிப் போய்த் திரும்பி வந்தால் வாடகை இரட்டிப்பு. அங்கே காத்திருக்கும் நாளுக்குச் சொந்தத் தார்ப்பாயும் எடுத்துப் போங்கள்.

குறுவை வேறு கதை. அறுப்பும் மழையும் ஒன்றாக வரும். 2025 அக்டோபரில் 22 சதவீதம் வரை எடுக்க அனுமதி வேண்டும் என்று மாநில அரசே மத்திய அரசிடம் கேட்க வேண்டியிருந்தது. அந்தத் தளர்வை நம்பி அறுக்க முடியாது. வெயில் இல்லை, களமும் இல்லை என்றால் முளைக்க விடுவதை விட வியாபாரிக்குக் கொடுப்பதே மேல். ஆனால் நடவுக்கு அவரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் விலை பேச வாய் இருக்காது. கூட்டுறவுப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. முதலில் அதைப் பாருங்கள்.

ஆந்திரா பொன்னி மாதிரி சன்ன ரகம் நாங்கள் அதிகம் போட்டதில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். டிபிசியின் 2,545 என்பது 60 கிலோவுக்கு 1,527. காய்ந்த நெல்லுக்கு அதற்கு மேல் வியாபாரி ஒருவர் கேட்டு, பணத்தையும் கையில் வைத்தால், அதை நான் டிபிசிக்குக் கொண்டுபோக மாட்டேன்.