கேமரா சார்ஜர் சிமிட்டுகிறதா? புதுசு வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

கல்யாண போட்டோ எடுக்கும் நண்பர்களும், வீட்டில் ஒரு கேமரா வைத்திருப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சார்ஜர் பழுது என்று மதுரையில் ஒரு கடைக்குப் போனேன், 5,000 ரூபாய் பழுத்தது. கடையின் பெயரைப் போடவில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை. அதுவும் போக, இதே வித்தையை வேறு ஊர்களிலும் பார்த்ததாக நம் தொழிலில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். வித்தை தெரிந்துவிட்டால் எந்தக் கடையிலும் தப்பித்துக்கொள்ளலாம்.

என்னுடையது கேனான் கேமரா, எல்பி-இ6 வகை பேட்டரி, கேமராவோடு வந்த சார்ஜர். அந்த சார்ஜரில் ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு இருக்கும். பேட்டரி பாதிக்குக் கீழே இருந்தால் வினாடிக்கு ஒரு தடவை சிமிட்டும். பாதியைத் தாண்டினால் இரண்டு தடவை, முக்காலைத் தாண்டினால் மூன்று தடவை. நிறைந்ததும் பச்சை. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வைகாசி முகூர்த்த சீசனில் திடீரென்று எந்த பேட்டரியை வைத்தாலும் விளக்கு படபடவென்று சிமிட்டியதே தவிர, சார்ஜ் ஏறவில்லை. ப்ளக் பாயிண்டை மாற்றினேன். எட்டு மாதிரி வாய் உள்ள ஒயர், பழைய டேப் ரிக்கார்டரோடு வந்தது ஒன்று வீட்டில் கிடந்தது, அதையும் போட்டுப் பார்த்தேன். அதே சிமிட்டல். மறுநாள் ரிசப்ஷன் ஆர்டர் இருந்ததால் சார்ஜரையும் பேட்டரிகளையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

கடையில் இருந்தவர் என் பேட்டரியை என் சார்ஜரில் வைத்தார். சிமிட்டியது. தன் டிராயரிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்து வைத்தார். அதுவும் சிமிட்டியது. “போர்டு போயிருச்சுண்ணே. இதையெல்லாம் சர்வீஸ் பண்ண முடியாது, பேஸ்டிங் பண்ணி வர்றது” என்றார். அப்புறம் கண்ணாடி அலமாரியிலிருந்து புது சார்ஜர் ஒன்றை எடுத்து, என் பேட்டரியை அதில் வைத்தார். உடனே சிவப்பு விளக்கு, அசையாமல் எரிந்தது. “பாத்தீங்களா? பேட்டரி ஏறுது. ஆனா பேட்டரியும் வீக்கா இருக்குண்ணே, கை வச்சாலே தெரியுது. ரெண்டையும் மாத்திருங்க.”

கண்ணெதிரே செய்து காட்டும்போது யார்தான் சந்தேகப்படுவார்கள். சார்ஜருக்கு 1,800, பேட்டரிக்கு 3,200. ரெண்டுமே ஒரிஜினல், கம்பெனி பெட்டி, மூன்று மாத கியாரண்டி. பில் கேட்டதற்கு, “பில் போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி கூட வரும்ணே, எதுக்கு உங்களுக்கு வீண் செலவு” என்று சொல்லி, மேலே ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த சின்னத் தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். பணத்தை போனில் அனுப்பினால், கடைப் பெயர் வராமல் யாரோ ஒருவருடைய பெயர் வந்தது. பழைய சார்ஜரை “குப்பைதானே, இங்கேயே போட்டுருங்க” என்று இழுத்துக்கொண்டார். என்னோடு வந்த பையன்தான் “இருக்கட்டும்ணே” என்று அதை எடுத்துப் பையில் போட்டான். அவன் மட்டும் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

புது சார்ஜர் ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் இருந்தது. கொஞ்சம் சூடானது, சரி வெயில் காலம் என்று விட்டுவிட்டேன். புது பேட்டரியைப் போட்டால் மட்டும் பேட்டரியோடு தொடர்புகொள்ள முடியவில்லை, இதைப் பயன்படுத்தலாமா என்று கேமரா கேட்டது. கடைக்கு போன் பண்ணினால், “ஓகே குடுங்கண்ணே, புது பேட்டரின்னா அப்படித்தான் கேக்கும்” என்று பதில். ஒரு காதுகுத்து வீட்டில், சாப்பாட்டுப் பந்தி ஓடிக்கொண்டிருக்கும்போது, பேட்டரியை மாற்றலாம் என்று மூடியைத் திறந்தால் பேட்டரி வெளியே வரவில்லை. கொக்கியைத் தள்ளிவிட்டாலும் ஸ்பிரிங் தள்ளவில்லை. நடு வயிறு உப்பி உள்ளேயே இறுகிப் போயிருந்தது. மீதி நிகழ்ச்சியை இரவல் கேமராவில் முடித்தேன்.

எங்கள் ஊரில் டிவி ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் பிளாஸ்டிக் பட்டையால் பக்குவமாக நெம்பி பேட்டரியை வெளியே எடுத்தார். இதை நீங்களாகச் செய்யாதீர்கள். லித்தியம் பேட்டரி உப்பியிருக்கும்போது திருப்புளியால் குத்தினால் தீப்பிடிக்கும். அவர் அந்தப் புது சார்ஜரை வாங்கி, என் இன்னொரு பேட்டரியை அதில் வைத்து, பச்சை விளக்கு வந்த பிறகு மீட்டரை வைத்தார். 8.6 வோல்ட் காட்டியது. இந்த பேட்டரிக்குள் 3.6 வோல்ட் செல் இரண்டு வரிசையாக இருக்கிறது, அதனால்தான் மேலே 7.2 என்று போட்டிருக்கும். நிறையும்போது ஒரு செல்லுக்கு 4.2, ஆக 8.4. அதுதான் எல்லை. நல்ல சார்ஜர் அங்கே கறாராக நின்றுவிடும். இது நிற்கவில்லை.

அப்புறம் அவர் பழைய சார்ஜரைக் கேட்டார். லென்ஸை வைத்து அதன் பித்தளை நாக்குகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, இது சாகவே இல்லையே.” நடுவில் இருந்த ஒரு நாக்கில் மங்கலாகப் பாசி மாதிரி படிந்திருந்தது. நம் தொழிலில் பேட்டரி எங்கே இருக்கும்? சட்டைப் பையில், வியர்வையோடு, மேடையில் கொட்டிய விபூதி குங்குமத்தோடு. அதைத் துடைக்காமல் சார்ஜரில் சொருகிச் சொருகி அந்த உப்பெல்லாம் நாக்கில் ஏறியிருக்கிறது. செல்போன் கடைக்காரர்கள் சுத்தம் செய்ய வைத்திருக்கும் ஐபிஏ என்ற ஆல்கஹால் திரவத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்தார், லேசாக உள்ளே அமுங்கியிருந்த நாக்கைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டார். பேட்டரியை வைத்தோம். வினாடிக்கு ஒரு சிமிட்டல். மதுரைக்காரர் செத்துவிட்டதாகச் சொன்ன சார்ஜர் இன்றைக்கு வரை ஓடுகிறது. பெரியவர் காசு வாங்கவில்லை.

நான் இந்தப் பதிவை எழுதுவதே அடுத்து சொல்லப்போகும் விஷயத்துக்காகத்தான். பேட்டரியில் ப்ளஸ், மைனஸ் தவிர நடுவிலும் தகடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்று வெப்பம் அறிவதற்கு. உள்ளே ஒரு சின்ன தெர்மிஸ்டர் இருக்கிறது. சூடானால் அதன் தடை குறையும், குளிர்ந்தால் கூடும். சார்ஜர் அந்தத் தடையைப் பார்த்துத்தான் பேட்டரியின் வெப்பத்தைத் தெரிந்துகொள்கிறது. அழுக்கு படிந்து அந்தத் தகடு தொடாமல் போனால், தடை அளவில்லாமல் இருப்பதாக சார்ஜருக்குத் தோன்றும். அதாவது மதுரை வெயிலில் உட்கார்ந்துகொண்டு, பேட்டரி பனிக்கட்டிக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும் என்பதால், மாட்டேன் என்று சிமிட்டுகிறது. அது தன் வேலையைச் சரியாகச் செய்த சார்ஜர். கடைக்காரர் கொடுத்த சார்ஜரோ அந்த நடுத் தகட்டைப் பார்ப்பதே இல்லை. ப்ளஸ்ஸும் மைனஸும் தொட்டால் போதும், எதை வைத்தாலும் ஏற்றும். அந்த அசையாத சிவப்பு விளக்கை ஆதாரமாகக் காட்டித்தான் என்னிடம் விற்றார்! எதையும் மறுக்காத சார்ஜரைத்தான் நாம் சந்தேகப்பட வேண்டும்.

‘பேட்டரி வீக்’ என்றது சுத்தப் பொய். கேமராவிலேயே பேட்டரி தகவல் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் மூன்று பச்சைக் கட்டம் இருந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது, இரண்டு என்றால் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, சிவப்பு என்றால் மாற்ற வேண்டியதுதான். என் பழைய பேட்டரிக்கு மூன்று பச்சை. கையில் எடுத்துப் பார்த்து வீக் என்று சொல்ல அவர் என்ன நாடி பிடிக்கும் வைத்தியரா?

போலியைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் இருக்கின்றன. முதலில் பேட்டரி மேல் போட்டிருக்கும் கொள்ளளவு, அதாவது எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற கணக்கு. எல்பி-இ6 வந்தபோது 1800 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி). அடுத்து வந்த இ6என் 1865. 2020-இல் வந்த இ6என்எச் 2130. அதே பெட்டி அளவுக்குள் கம்பெனியே இத்தனை வருடத்தில் இவ்வளவுதான் கூட்டியிருக்கிறது. என்னிடம் விற்ற பேட்டரியில் 2800 என்று போட்டிருந்தது. அசலைப் பக்கத்தில் வைத்துக் கையில் தூக்கிப் பார்த்தால் போலி எடை குறைவாக இருந்தது. சார்ஜரிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்ற சிமிட்டல் கணக்கே இல்லை, சிவப்பும் பச்சையும் மட்டும். இவற்றை எல்லாம்விட உறுதியான வழி ஒன்று உண்டு. இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிக்கும் அடாப்டருக்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். ஆர் என்ற எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கத்தில் ஒரு எண் அச்சிட்டிருக்கும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அது எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். கவுண்டரில் நின்றபடியே பார்த்துவிடலாம். என் பேட்டரியில் எண்ணே இல்லை.

வேறு கம்பெனி பேட்டரி எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. தன் பெயரைத் தைரியமாகப் போட்டு, பில்லோடு விற்கும் மாற்று பேட்டரிகளை நானே உபயோகிக்கிறேன். அடுத்தவன் பெயரை ஒட்டி விற்பதுதான் திருட்டு.

சாமானை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பப் போனேன். முதல் கேள்வி, “பில் எங்கண்ணே?” எஸ்டிமேட் தாளைக் காட்டினால், அதில் கடைப் பெயர் இல்லையே, நாங்கள் கொடுத்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்கிறார். சுவரில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று போர்டு. அந்த போர்டுக்கு நாம் பயப்படத் தேவையில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராததும் சரி, பழுதான பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிக்காவிட்டால் 30 நாளைக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் சரி, நியாயமற்ற வணிகம்தான். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை 200 ரூபாய்க்கு மேல் விற்றால் பில் போட்டே ஆக வேண்டும். அது நமக்குச் செய்கிற உபகாரம் அல்ல.

அங்கேயே நின்று 1915-க்கு போன் போட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். நான் புகார் எண்ணைக் குறித்துக்கொள்வதைப் பார்த்ததும் உள்ளேயிருந்து இன்னொருவர் வந்தார், முதலாளியாக இருக்க வேண்டும். “எதுக்குண்ணே பெரிசு பண்றீங்க” என்று சார்ஜருக்கான 1,800-ஐ மட்டும் கொடுத்தார். பேட்டரியை “நீங்க தப்பா யூஸ் பண்ணிருப்பீங்க” என்று ஒதுக்கிவிட்டார். மீதி 3,200-க்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பணம் போன ரசீது, எஸ்டிமேட் தாள், 2800 என்று போட்ட பேட்டரியின் போட்டோ, மீட்டர் 8.6 காட்டும் போட்டோ எல்லாம் இணைத்திருக்கிறேன். உப்பிய பேட்டரி, மணல் போட்ட மண்சட்டியில் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. சாட்சியமாயிற்றே, இப்போதைக்குத் தூக்கிப் போட முடியாது. உங்களில் யாருக்காவது இதே மாதிரி எஸ்டிமேட் தாள் மட்டும் வைத்துக்கொண்டு ஆணையத்தில் ஜெயித்த அனுபவம் இருந்தால், எந்த ஆவணம் எடுபட்டது என்று சொல்லுங்கள்.