மூணு குவார்ட்டர், நாலு பேர், ஒரு ஆம்லெட்

பெங்களூரில் தமிழ் நாடகம் என்றால் பெரும்பாலும் கூடத்து சோபாவும் மாமியார் சண்டையும்தான். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து டாஸ்மாக் பாரில் நடக்கும் ஒரு காதல் கலாட்டாவை அல்சூரில் மேடையேற்றியதற்கே இந்தக் குழுவுக்கு சபாஷ் போடலாம். மொத்தம் இரண்டு மணி நேரம். இடைவேளை வரை பிரமாதம்.

முதல் காட்சி ஒன்று போதும். நாலு வாடிக்கைக்காரர்கள், மூணு குவார்ட்டர் (ஒன்று 180 மில்லி). 540 மில்லியை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 135. அளவு கிளாஸ் ஏது? பெரியவர் டம்ளருக்கு வெளியே விரலை வைத்து ஊற்றுகிறார். மற்ற மூவரும் குனிந்து, கண்ணை டம்ளர் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்க்கிறார்கள். 'உன் விரல் தடிமன்' என்று ஒருவன் ஆரம்பிக்க, பஞ்சாயத்து. வசனம் பத்து வரி தேறாது, அரங்கம் குலுங்குகிறது.

நாயகியை வலிந்து பாருக்குள் உட்கார வைக்காதது நல்ல முடிவு. வாசலில் முட்டைக்கடை போடுகிறாள். டிராக்டர் ஓட்டும் நாயகனை நாலு பேரும் மாற்றி மாற்றி 'போய் சைடு டிஷ் வாங்கிட்டு வா' என்று விரட்டுவதில்தான் காதல் வளர்கிறது. மேடையில் நிஜ அடுப்பு, நிஜ முட்டை. சிக்கலும் அங்கேதான்: ஆம்லெட் இரண்டு நிமிஷத்தில் வெந்துவிடும், அவன் காதலைச் சொல்லி முடிக்க அதைவிட நேரமாகிறது. முதல் வரியிலேயே முட்டையை ஊற்றுவதால் அவள் பதில் சொல்லும்போது கருகிய வாடை. பாதி வசனம் தாண்டி ஊற்றினால் புரட்டிப் போடுவதும் 'சரி' என்பதும் ஒன்றாக விழும்.

இரண்டாம் பாதி முழுக்க பார்க்காரரின் கடன் நோட்டை நம்பி ஓடுகிறது. அதுதான் இடிக்கிறது. 2003-இலிருந்து தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். காசு வைத்தால்தான் பாட்டில். ஒட்டியிருக்கும் பாரை டெண்டர் எடுத்தவருக்குத் தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும்தான் உரிமை. பிறகு எப்படி பார்க்காரர் மூணு மாசம் கடனில் சரக்கு ஊற்றினார்? (கடை திறக்கும் முன் பிளாக்கில் விற்பது வேறு கதை, அங்கே கடன் கேட்டால் அடிதான்.) சுண்டல், போட்டி (ஆட்டுக்குடல்) கடன் என்று மாற்றினால் போதும்: தொகை குறையும், அதற்காக அடித்துக்கொள்வது இன்னும் சிரிப்பாக இருக்கும். கதையை எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம், கர்நாடகத்துக்குள் தள்ளினால் தனியார் ஒயின்ஸ், கடன் நோட்டை நம்பலாம். ஆனால் கர்நாடகக் கிராமத்தில் 90 மில்லி டெட்ரா பாக்கெட்தான் அதிகம் ஓடும், அந்த அருமையான விரல் கணக்கு போய்விடும்.

மேடையில் பிராந்திக்குப் பதில் கட்டந்தேநீர், நிறம் கச்சிதம். ரம்முக்கு கோலாவை அப்படியே ஊற்றியதில் நுரை காட்டிக்கொடுக்கிறது; முதல் நாள் இரவே மூடியைத் திறந்து வைத்தால் கேஸ் போயிருக்கும். பிளாஸ்டிக் டம்ளர் நெரிபடும் சத்தம் மைக்கில் வசனத்தையே விழுங்குகிறது.

இளைஞர்கள் எல்லாரும் தள்ளாடித் தள்ளாடியே நடிக்கிறார்கள். போதையில் இருப்பவன் தள்ளாடாமல் நடக்கத்தானே பாடுபடுவான்? பெரியவராக வருபவருக்கு மட்டும் அது தெரிந்திருக்கிறது. டம்ளரைக் கீழே வைக்கும் முன் மேஜை அங்கே இருக்கிறதா என்று உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறார்.

டிக்கெட் எடுத்தால் இடப்பக்கம் உட்காருங்கள். வலப்பக்கத்தில் இருந்தால் பார் தட்டி முட்டைக்கடையை முழுசாக மறைத்துவிடும்.