ஆவணப்படம் பார்க்கக் கற்றுத்தரும் ஒரு நாள் பயிற்சி: தருமபுரியில் கண்டது

அரசியல் ஆவணப்படங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தருமபுரி நான்கு ரோடு அருகே ஒரு வாடகை மண்டபத்தில் ஒரு குழுவினர் நடத்திய பயிற்சிக்குக் கடந்த ஞாயிற்றுக்கிழமை சென்று வந்தேன். மதியச் சாப்பாடு உட்படக் கட்டணம் 600 ரூபாய். தேர்தல் நெருங்கும்போதெல்லாம் கைப்பேசியில் வந்து குவியும் அரை மணி நேரப் படங்களில் எதை நம்புவது என்று தெரியாமல் தவிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது மிகவும் தேவையான பயிற்சி. ஆனால் பிற்பகலில் அவர்கள் சொன்ன ஒரு கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

முற்பகல் வகுப்பு அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் மைக்கேல் மூர் 1989இல் எடுத்த ‘ரோஜர் அண்ட் மீ’ படத்திலிருந்து தொடங்கியது. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 1984இல் திறக்கப்பட்ட ஆட்டோவேர்ல்டு என்ற பொழுதுபோக்குப் பூங்கா, ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனம் 1986இல் ஆலை மூடல்களை அறிவிப்பதற்கு முன்பே நொடித்துப்போயிருந்தது. படமோ, வேலையிழந்த நகரம் பிழைப்பதற்காகச் செய்த வீண் முயற்சி என்று நாம் எண்ணும்படி அதை அந்த மூடல்களுக்குப் பின்னால் வைக்கிறது. காட்டப்பட்ட பூங்கா மெய்யானதே, அதன் இடத்தை மாற்றியதால் காரணமும் விளைவும் மாறிவிட்டன என்பதைப் பயிற்சியாளர் தேதிகளைப் பலகையில் எழுதிக் காட்டியபோது மண்டபமே அமைதியானது.

அதன் பிறகு நம் ஊர்க் கதைக்கு வந்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடுக்குத் தீர்வாக ஜப்பானியக் கடனுதவியுடன் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் தி.மு.க. ஆட்சி அடிக்கல் நாட்டியது, 2013இல் அ.தி.மு.க. ஆட்சி அதைத் தொடங்கி வைத்தது. ஒரே காட்சித் தொகுப்பை வைத்து, ஒன்றில் 2008ஐயும் மற்றதில் 2013ஐயும் விட்டுவிட்டு, பெருமை ஒரு கட்சிக்கே சேரும்படி இரண்டு படங்களை வெட்டிக் காட்டினார்கள். இரண்டுமே நம்பும்படி இருந்தன, இரண்டிலும் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அந்தத் தொகுப்பில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவரின் பழுப்பேறிய பற்களை மிக அருகில் காட்டி, ‘இன்றும் தீரவில்லை’ என்று பின்னணிக் குரல் ஒலித்தது. ஃபுளோரைடு கறை, பல் உருவாகும் குழந்தைப் பருவத்திலேயே படிந்து ஆயுள் முழுவதும் நிற்பது. ஆகவே அவர் இன்று குடிக்கும் தண்ணீரைப் பற்றி அந்தப் பற்கள் எதுவும் சொல்லாது. பென்னாகரம் பக்கத்துக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த எனக்கும் அந்தக் கறை உண்டு, இருந்தும் அந்தக் காட்சியை முதலில் நானே நம்பிவிட்டேன். இதை உணர்ந்த அந்த ஒரு நிமிடத்துக்கே 600 ரூபாய் தகும்.

பிற்பகலில் ஒரு மதிப்பெண் தாள் கொடுத்து, இரு தரப்புக்கும் சம நேரம் தரும் படமே நேர்மையானது என்றார்கள். இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை எப்படிச் சொல்ல முடிகிறது? அரூர் பக்கம் வாச்சாத்தியில் 1992இல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் பழங்குடி மக்களுக்கு இழைத்த கொடுமைக்காகக் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் 2011இல் தருமபுரி நீதிமன்றம் தண்டித்தது; சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் அதை உறுதி செய்தது. அந்த மக்களுக்குப் பத்து நிமிடம், மறுத்தவர்களுக்குப் பத்து நிமிடம் என்று பிரித்துத் தரும் படம் அந்தத் தாளில் முழு மதிப்பெண் பெறும், ஆனால் உண்மையை மறைக்கும். ஒரு பக்கம் நிற்பது குற்றமில்லை. எதைக் காட்டி, எதை விட்டு அந்தப் பக்கத்துக்கு வந்தோம் என்பதைப் பார்ப்பவரிடம் ஒளிப்பதுதான் குற்றம். இதை நான் எழுந்து சொன்னபோது மரியாதையோடு கேட்டார்கள், ஆனால் விவாதத்துக்கு நேரம் ஒதுக்கியிருக்கவில்லை.

ஆங்கிலப் படத்துண்டுகளுக்குத் தமிழ் எழுத்துவரி (சப்டைட்டில்) இல்லாததால் பின்வரிசையில் இருந்த கல்லூரி மாணவர்கள் திணறினார்கள்; ஒலிபெருக்கியும் இரைந்தது. அடுத்த பயிற்சி கிருஷ்ணகிரியில் என்றார்கள். எழுத்துவரி சேர்த்து, அந்த மதிப்பெண் தாளையும் மாற்றினால், என் தம்பி மகளையும் அழைத்துக்கொண்டு நானே மறுபடியும் கட்டணம் கட்டிச் செல்வேன்.